அம்மா மெழுகுவத்தி ஏற்றும் சர்வே கல்

என் ஆசை அண்ணா,

அணை இன்னும் வரவில்லை. நீ ஆற்றோடு போய் ஏழு வருஷமாகிறது. பென்னாகரம் பக்கம் இன்றைக்கும் வருகிறது, வருகிறது என்றுதான் சொல்கிறார்கள். ஆற்றைத் தடுத்துக் கரண்டு எடுத்தால் நம் ஊரே பட்டணமாகிவிடும் என்று, சர்வே வேலைக்குப் போன முதல் நாள் குதித்தாயே, ஞாபகம் இருக்கிறதா?

கரண்டு வந்தது அண்ணா. சர்வே கல்லுக்கு மேட்டுப்பக்கம் காடு கழனி இருப்பவர்களுக்கு மட்டும் வந்தது. அவர்கள் கிணற்றுக்கு மோட்டார் வைத்துவிட்டார்கள். நம் காடு அணைத் தண்ணீரில் முங்கப்போகிற காடாம், அதனால் கரண்டுக் கம்பம் நட மாட்டார்களாம். கரண்டுக்காக முங்கப்போகிற காட்டுக்குக் கரண்டு கிடையாது, இது என்ன நியாயம்? இரண்டு வருஷமாக மழையும் இல்லை. கிணற்றுத் தண்ணீர், மாடு பூட்டி இறைக்கிற கவலைக் கயிறு எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிட்டது. மாடுகளை விற்றாயிற்று. இந்தக் கோடையும் இப்படியே போனால் நானும் அம்மாவும் பெங்களூருக்கு மண் சுமக்கத்தான் போக வேண்டும்.

எல்லாம் உன்னால் வந்தது. கோபத்தில்தான் எழுதுகிறேன்.

தண்ணீர் எதுவரை ஏறும் என்று இன்ஜினியர் காட்டிய இடத்தில் நீதான் கல் நட்டாய். அது நம் காட்டுக்குக் கீழே இருந்தது. முங்குகிற காட்டுக்குப் பதிலாக நஞ்சை கிடைக்கும் என்று யாரோ சொல்ல, சர்வேக்காரர்கள் சாப்பிடப் போன நேரத்தில் கல்லைப் பிடுங்கி நம் காட்டைத் தாண்டி மேலே நட்டுவிட்டாய். கடப்பாரை எடுத்துக் கொடுத்தவள் நான்.

"நம்ம அம்மாவ நெல்லுச்சோறு திங்க வெச்சுப் பாக்கணும் செசிலி" என்றாய்.

அடுத்த மாதமே, அணைக்காக ஆற்றுப் பாறையில் துளை போட நீ ஏறிப்போன பரிசல் கவிழ்ந்தது. உன் உடம்புகூடக் கிடைக்கவில்லை.

அதனால் உனக்குக் கல்லறையும் இல்லை. கல்லறைத் திருநாளன்று ஊரே கோவில் கல்லறைக்குப் போகும். அம்மா மட்டும் நீ நட்ட கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவாள். "எம்புள்ள கைபட்டதுல இதுதான் மிச்சம்" என்பாள். அவளிடம் நான் எப்படிச் சொல்வேன்?

போன வாரம் தாங்க முடியாமல் சர்வே ஆபீசுக்குப் போய் நடந்ததைச் சொல்லிவிட்டேன். அங்கிருந்த அதிகாரி திட்டவில்லை. ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"எழுதிக் குடுங்கம்மா. திங்கக்கெழம வந்து அளக்கறோம். தப்பா இருந்தா அந்தக் கல்லப் புடுங்கிருவோங்க."

எழுதிக் கொடுத்தேன். கம்பம் எப்போது வரும் என்று கேட்டேன், அதைக் கரண்டு ஆபீசில் கேட்கச் சொன்னார். ஊரில் உன் பேர் இனி என்ன ஆகும் அண்ணா? எனக்கு வேறு வழி ஏதாவது இருந்ததா?

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. நேற்றுகூடக் கல்லைச் சுற்றிப் புல் செதுக்கிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் வருவதற்குள் நானே அவளிடம் சொல்லிவிடுவேன். அடித்தாலும் வாங்கிக்கொள்வேன். ஆனால் அந்தக் கல்லில் வேறு ஆள் கைவைக்க விடமாட்டேன் அண்ணா. நானே தோண்டி எடுப்பேன். இது சத்தியம்.

உன் குற்றத்தில் பாதிக்குச் சொந்தக்காரி,
உன் தங்கை செசிலி