திலகாவுக்கு நீச்சல் தெரியாது

9 ஜூன் 2003, திங்கள்

காலையிலிருந்து தூறல். மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் ஏறியதும் உட்கார இடம் கிடைத்தது, அதிசயம். என் ஃபேக்டரி இருக்கும் பீன்யா வருவதற்குள் அமுதாவின் கதையைப் படித்து முடித்துவிட்டேன். இரண்டு நோட்டு, அறுபத்திரண்டு பக்கம். கார்மென்ட்ஸில் காலர் தைக்கிறவள், தினமும் என்னோடு இதே பஸ்ஸில் வருகிறவள். நான்கு மாதமாக மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எழுதியிருக்கிறாள்.

‘ஏழாவது கலங்கரை’ தொடர்கதையை வைத்து ரசிகர்கள் எழுதும் கதைகளை ஆறு வருஷமாகப் பொறுக்கிச் சேர்க்கிறேன். முதலில் ஜெராக்ஸ், இப்போது இணையப்பக்கம். இதுபோல ஒன்று வந்ததில்லை. புயலில் திலகா படகை நோக்கி நீந்தும் இடத்தில் யஷ்வந்தபுரம் போனதே தெரியவில்லை.

ஆனால் திலகாவுக்கு நீச்சல் தெரியாது! மூலத்தின் இரண்டாம் பாகத்தில் அவளே சொல்கிறாள். மூன்றாம் பாகத்திலும் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்குவதில்லை. என்ன செய்ய?

10 ஜூன், செவ்வாய்

நம் இணையப்பக்கத்து விதிகள், எனக்கே நினைவூட்ட:
– செத்தவர் செத்தவரே.
– ஆசிரியர் செய்துவைக்காத கல்யாணத்தை நாம் செய்துவைப்பதில்லை.
– யாருக்கும் புதுத் திறமை கிடையாது.

மூன்றாவதில்தான் சிக்கல். இதற்கு முன் நான்கு பேர் திலகாவை நீந்தவிட்டார்கள். நான்கு பேருக்கும் பாடம் நடத்தித் திருப்பி அனுப்பினேன். அமுதாவுக்கு மட்டும் சலுகையா? இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் அளவு பார்க்கும் கேஜுக்குள் நுழையாத இரும்புப் பின்னுக்கு நான் பாஸ் போடுவேனா?

சாயங்கால பஸ்ஸில் நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

"நல்லா இருக்கு அமுதா. ஆனா திலகா நீஞ்ச மாட்டா. அந்த இடத்தை மட்டும் மாத்திடு."

"நீஞ்சுவாக்கா. புக்குலயே கீது."

"சும்னே சொல்லாதே. அந்த புக்கு எனக்கு மனப்பாடம்."

முகம் சுருங்கிவிட்டது. "அப்போ வுடுங்க. நான் இனிமே எழுதல." தன் நிறுத்தம் வருமுன்பே இறங்கிவிட்டாள். கண்டக்டர், "ஏனாயித்து மேடம், என்ன ஆச்சு?" என்றார்.

12 ஜூன், வியாழன்

இரண்டு நாளாக அமுதா பஸ்ஸில் இல்லை. வாங்க: கோதுமை மாவு, அம்மாவின் பிரஷர் மாத்திரை, ரீஃபில். சரியாகத்தானே செய்தேன்? பிறகு ஏன் மனசு உறுத்துகிறது?

13 ஜூன், வெள்ளி

பஸ்ஸில் அமுதா. என் மடியில் ஒரு தடித்த பைண்டை வைத்துவிட்டு முன்னால் போய் நின்றுகொண்டாள். மூன்றாம் பாகம். அது புத்தகமாக வரவேயில்லை, வாரப் பத்திரிகையோடு சரி. வாரா வாரம் கிழித்து பைண்ட் செய்தவர்கள் வீட்டில்தான் இருக்கும். இவள் அவென்யூ ரோடு பழைய புத்தகக் கடையில் பிடித்திருக்கிறாள்.

பஸ் டிக்கெட் சொருகியிருந்த இடத்தில் திறந்தேன். அத்தியாயம் 37. கோயில் குளத்தில், இடுப்பளவு தண்ணீரில் திலகா. இந்தப் படத்தை என் ஜென்மத்தில் பார்த்ததில்லை! முதல் வரிக்குப் போவதற்குள் பீன்யா வந்துவிட்டது. வெடுக்கென்று வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் எங்கள் பைண்டை எடுத்தேன். பைண்டர் மேல்பக்கத்தைத் தாராளமாக வெட்டியதில் அத்தியாய எண்களெல்லாம் எப்போதோ போயிற்று. விரல் விட்டு எண்ணினேன். முப்பத்தேழாவதாக வருவதில் குளமே இல்லை; நடுவில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது.

அம்மா: "ஒரு வாரம்கூட விடாம சேர்த்தேன்டி."

"முப்பத்தேழு இல்லையேம்மா."

கொஞ்சம் யோசித்தாள். "அதுவா... உங்கப்பாவுக்கு டைபாய்டு. ஆஸ்பத்திரியே கதின்னு கிடந்தேன், பத்திரிகை யாரு வாங்கறது?"

உள்ளிருந்து அப்பா: "கடைசில பழி என் தலையிலயா?"

ஊருக்கெல்லாம் மூலத்தைக் காட்டிக் குட்டியவள் நான். என் மூலத்திலேயே ஓட்டை. திருப்பி அனுப்பிய ஒருவருக்கு எழுதிய வரி ஞாபகம் வந்தது: "தயவுசெய்து ஒரு முறையாவது முழுதாகப் படியுங்கள்." வெட்கம் பிடுங்கித் தின்கிறது. நான்கு பேருக்கும் மன்னிப்புக் கேட்டு மெயில் அனுப்ப வேண்டும்.

படுத்த பிறகுதான் உறைத்தது. ஆசிரியர் போய்ப் பதினைந்து வருஷம். இனி அவர் கையால் ஒரு வரி கிடையாது என்றுதானே இருந்தேன்? நான் படிக்காத முழு அத்தியாயம் ஒன்று இருக்கிறது. சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

15 ஜூன், ஞாயிறு

ஜீவனஹள்ளியில் அவள் வீட்டுக்கே போனேன். அமுதா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"தப்பு என்னுதுதான் அமுதா. எங்க பைண்ட்ல அந்த வாரமே இல்ல."

கையில் இருந்த பாவாடையை உதறியபடி நான் சொன்னதைக் கேட்டாள். பிறகு, "எழுதினவரே அவள நீச்சல் கத்துக்க வச்சாருக்கா. அப்புறம் கடைசி வரிக்கும் அவள நீஞ்சவே வுடல. எனக்கு ஆறவேயில்ல. அதான் நான் வுட்டேன்."

இதைவிட விசுவாசமாக யார் படிப்பார்கள்?

"முப்பத்தேழைக் கொஞ்சம் தர்றியா?"

"மொதல்ல என் கதைய நெட்ல ஏத்துங்க. ஒரு வரி வுடாம. அப்பால பார்க்கலாம்."

அறுபத்திரண்டு பக்கம்! என் டைப்பிங் வேகத்துக்கு!

18 ஜூன், புதன்

பிரவுசிங் சென்டர், வேலை முடிந்து தினமும். பக்கம் 29. ஒருமுறை கரண்ட் போய் மூன்று பக்கம் காலி. என் மன்னிப்பு மெயிலுக்கு நால்வரில் ஒருவர் பதில்: "அப்படின்னா என் திலகாவும் இப்ப நீஞ்சலாமா?" நீந்தட்டும், நன்றாக நீந்தட்டும்.

22 ஜூன், ஞாயிறு

நேற்று ஏற்றியாயிற்று. பிரின்ட் எடுத்துப்போய்க் காட்டினேன். தலைப்புக்குக் கீழே தன் பெயரை அமுதா விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு டீயும் பைண்டும் வந்தன.

முப்பத்தேழு. இரண்டு பக்கம் படித்தேன். மூடினேன்.

"இன்னாக்கா, நல்லா இல்லியா?"

"ரொம்ப நல்லா இருக்கு. மிச்சம் அடுத்த வாரம்."

"மொத்தமே நாலு பக்கம்க்கா!"

"தொடர்கதையாச்சே. இத்தனை வருஷம் கழிச்சு வந்திருக்கு, ஒரே மூச்சுல முடிச்சிடறதா?"

சிரித்தபடியே பைண்டை வாங்கிப் பெட்டியில் வைத்தாள். நான் நிறுத்திய வரியில் திலகா குளத்தின் மூன்றாவது படியில் நிற்கிறாள். முழங்கால் நனைந்துவிட்டது.