மே ஐந்தாம் தேதி ஏழும் கூடும்

விளாத்திகுளம்
3.4.2000

கர்த்தருக்குள் பிரியமான மதினிக்கு,

சாமுவேல் லிங்கராஜ் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கன நானும் உங்கள் தங்கச்சி பொன்மணியும் சுகம். களத்தில் வத்தல் காயுது.

கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறவிய நீங்கள், ஒரு சந்தேகம். மே ஐந்தாம் தேதி ஏழு கிரகமும் ஒன்றுகூடும் என்று பேப்பரில் போட்டிருக்கே, மெய்தானா? வெளிப்படுத்தின விசேஷத்தில் கர்த்தர் வலது கரத்தில் இருக்கிற ஏழு நட்சத்திரம் இதுதான் என்று எனக்கு உணர்த்தப்பட்டிருக்கு. போன ஆடிக் கிரகணத்தோடு முடிவு வரும் என்று சொன்னதுக்கு இன்னும் கேலி பேசுதாங்க. இந்தத் தடவை கரிசல் காட்டில் பந்தல் போட்டு, ஊரையே கூட்டிக் காட்டப்போறேன்.

பொன்மணியைக் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லியிருந்தீங்க. அவளே வரமாட்டேங்கா. அவர் வருகை இவ்வளவு பக்கத்தில் இருக்கையில் ஆஸ்பத்திரி எதுக்கு?

சாமுவேல் லிங்கராஜ்

கோவில்பட்டி
9.4.2000

அன்புள்ள லிங்கராஜ் அவர்களுக்கு,

பேப்பரில் வந்தது மெய்தான். சூரியன், சந்திரன், புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி: ஏழும் அன்று வானத்தின் ஒரே பக்கத்தில் இருக்கும். கணக்கில் பிசகில்லை. என் பெயரைச் சொல்லியே நீங்கள் உறுதி கூறலாம்.

ஒன்றே ஒன்று. போன ஆடியில் கிரகணக் கண்ணாடி கொடுத்தனுப்பினேன். விசுவாசிக்குக் கண்ணாடி எதற்கு என்று தூக்கிப் போட்டீர்கள். பொன்மணி வெறுங்கண்ணால் சூரியனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் நீங்கள் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தீர்கள். பொங்கலுக்கு வந்தபோது, என் முகத்தைப் பார்க்க அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள். நேரே பார்த்தால் நடுவில் கறுப்பாம். ஓரத்தில்தான் ஆள் தெரிகிறதாம்.

அதனால் இந்த முறை, சூரியன் முழுதாக அடைந்த பிறகே மேற்கே பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முன் ஒருவரும் நிமிரக் கூடாது.

பந்தலைப் பெரிதாகவே போடுங்கள்.

ராஜமணி

விளாத்திகுளம்
7.5.2000

மதினி,

எப்போதும்வென்றான் ஊர் வரைக்கும் நோட்டீஸ் ஒட்டினேன். வேன் பிடிச்சு வந்தாங்க. பேராசிரியை உறுதி சொல்லுதாக என்று உங்கள் கடிதத்தின் முதல் பாதியை மைக்கில் வாசிச்சேன். நீங்கள் சொன்னபடியே சூரியன் அடையுற வரை யாரையும் நிமிரவிடலை. அப்புறம் பார்த்தால், நகக்கீறலா ஒரு பிறை. வேறே ஒண்ணுமில்லை.

பலசரக்குக் கடை கொம்பையா எந்திரிச்சுக் கேக்கான்: "என்ன போதகரே, ஒண்ணுதான் வந்திருக்கு. மத்த ஆறும் பஸ்ஸை விட்டுட்டுதா?" கூட்டம் சிரிச்ச சிரிப்பு இன்னும் காதில் கிடக்கு.

பொய் எழுதி என்னை அழிச்சிட்டீங்களே. மறுநாள் காலையில் பொன்மணி சொல்லாமல் பஸ் ஏறிட்டா. அங்கன வந்தாளா? அனுப்பி வையுங்க. இல்லேன்னா நானே வாரேன்.

லிங்கராஜ்

கோவில்பட்டி
12.5.2000

லிங்கராஜ் அவர்களுக்கு,

நான் எழுதியதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. ஏழும் கூடின. சூரியனே அதில் ஒன்று. பிறையை நீங்களே பார்த்தீர்கள். மற்ற ஐந்தும் பகலெல்லாம் சூரியனை ஒட்டி உங்கள் பந்தலுக்கு மேலேதான் நின்றன. அந்தி வெளிச்சம் போவதற்குள் அதன் முன்னும் பின்னுமாக இறங்கிவிட்டன. கண்ணுக்குப் புலப்படாது என்பது எனக்கு முன்பே தெரியும். நீங்கள் அதைக் கேட்கவில்லை.

பொன்மணி இங்கேதான் இருக்கிறாள். மதுரையில் காட்டினோம். போன பார்வை திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள்.

உங்கள் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "எக்கா, இப்படி ஆகும்னு ஒனக்கு முன்னாலயே தெரியுமா?" என்றாள். தெரியும் என்றேன். தலையை ஓரமாகத் திருப்பி என்னைப் பார்த்தாள். பிறகு, "கொம்பையா அண்ணாச்சி கேட்டதை மட்டும் இன்னொரு தரம் வாசி" என்றாள்.

வருவதானால் வாருங்கள். வந்தால் அவளுக்கு நேர் எதிரே நில்லுங்கள். அங்கே நிற்கிறவர்தான் அவள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ராஜமணி