வந்து சேர்ந்த தகவல்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம். நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நல்லபடியாக இருக்கிறாய் என்று தெரிந்தால்தான் எங்கள் நலம் முழு நலமாகும். என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. வாழ்க்கை முழுக்க லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவன், ஆனால் ஏறி இறங்கியதெல்லாம் படிக்கட்டில்தான், லிஃப்ட் ஓடவில்லை என்றால்தானே என்னைக் கூப்பிடுவார்கள், அதற்கெல்லாம் சேர்த்து முழங்கால் இப்போது பழி வாங்குகிறது. உன் அம்மா ராணுவத்தில் நர்ஸ் வேலையை விட்டு எத்தனை வருஷமானாலும் வீட்டை வார்டாகத்தான் நடத்துகிறாள். படுக்கை விரிப்பின் மூலையைச் சரியாக மடித்துச் செருகவில்லை என்றால் படுத்திருக்கிறவனை எழுப்பி மறுபடி மடிக்கச் சொல்கிறாள். கல்யாணத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி லிஃப்டில் மாட்டிக்கொண்டு நின்றவளை நான் வெளியே கொண்டுவந்தேன், அதற்குக் கிடைத்த பரிசு இது என்று சொன்னால், மாட்டிக்கிட்டு நின்னது நீங்கதான், உங்களுக்கு இன்னும் தெரியல என்கிறாள். போனில் பேசலாமே, எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பிடுங்கிக்கொள்கிறாள், சாப்டியா, காய்ச்சல் கீய்ச்சல் இல்லையே, போர்த்திக்கிட்டுப் படு என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள். இது நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம். அவளும் இப்போது வெளியே போயிருக்கிறாள், எங்கே என்று பின்னால் சொல்கிறேன்.

ராணுவ ஆஸ்பத்திரி வாசலில் புதிதாகக் கருங்கல்லில் ஒரு சுவர் எழுப்பியிருக்கிறார்கள். சண்டை நடந்த இடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது உயிர் விட்ட டாக்டர், நர்ஸ், ஸ்ட்ரெச்சர் தூக்கியவர்கள் எல்லாருடைய பெயரையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். திறப்பு விழாவுக்கு அம்மாவுக்கும் அழைப்பு வந்தது. உனக்குப் பெரியம்மாவை ஞாபகம் இருக்கும், சின்ன வயதில் அவர் வந்தால் மடியை விட்டு இறங்க மாட்டாய், அவர் நமக்குச் சொந்தம் இல்லை, நெட்டையின் அக்கா. நெட்டை என்பவள் அம்மாவோடு ஒன்றாக நர்ஸ் படிப்பு முடித்து ஒன்றாக ராணுவத்தில் சேர்ந்த சிநேகிதி. அவள் நெட்டை, உன் அம்மா குட்டை, இரண்டு பேரையும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாதாம். நெட்டை சண்டையில் போய்விட்டாள் என்பது வரைக்கும்தான் உனக்கும் எனக்கும் தெரியும், அதற்கு மேல் அம்மா என்றைக்கும் வாயைத் திறந்ததில்லை. பெரியம்மாவுக்கு இப்போது கண் தெரிவதில்லை. அவரையும் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு போனோம். திரையை விலக்கி, பேசவேண்டியவர்கள் பேசி முடித்து, கூட்டம் கலைந்ததும், பெரியம்மா சுவர்ப் பக்கம் கையை நீட்டி, தங்கச்சி பேரு எங்கம்மா இருக்கு, என் விரலை அதுமேல வையேன் என்றார். அம்மா அவர் கையைப் பிடித்தபடியே மேலிருந்து கீழே வரை தேடினாள். நானும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினேன். இல்லை. அதற்குள் பெரியம்மாவின் விரல் யார் யாருடைய பெயரையோ தடவிக்கொண்டு, இதுவா, இதுவா என்று கேட்டபடி இருந்தது. அம்மா கடைசிப் பெயருக்குக் கீழே வழவழவென்று இருந்த கல்லில் அந்த விரலைக் கொண்டுபோய் வைத்து, இங்கதான்க்கா வரும், இன்னும் செதுக்கி முடிக்கல என்றாள். ஊசி போடும்போது வலிக்கவே வலிக்காது என்று உன்னிடம் சொல்வாளே, அதே குரல். பெரியம்மா அந்த வெறுங்கல்லைக் கொஞ்ச நேரம் தடவிக்கொடுத்துவிட்டு, நல்ல இடம்தான் என்றார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள் உன் அம்மா. செருப்போடு நான் ஒரு அடி உள்ளே வைத்தாலே வீடு இரண்டுபடும், அவள் அப்படி உட்கார்ந்திருந்தது எனக்குப் பயமாகப் போய்விட்டது. மறுநாளே என்னையும் இழுத்துக்கொண்டு ராணுவப் பதிவு அலுவலகத்துக்குப் போனாள். அங்கே இருந்த பெண் நல்ல பெண், உன் வயதுதான் இருக்கும், உட்காரச் சொல்லி, தேடிப் பார்த்து, நெட்டை முகாம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் வண்டி விபத்தில் இறந்ததாகத்தான் பதிவில் இருக்கிறது, சண்டை நடந்த இடத்தில் இறக்கவில்லை, அதனால்தான் சுவரில் பெயர் வரவில்லை என்றாள். வழியில இல்லம்மா, கூடாரத்துக்குள்ள, என் கண் முன்னால, நான் சாட்சி சொல்றேன் என்றாள் அம்மா. அந்தப் பெண் அம்மாவின் பதிவையும் எடுத்துப் பார்த்தாள், கொஞ்சம் தயங்கினாள், அப்புறம், மேடம், தப்பா நினைக்காதீங்க, உங்க ரெக்கார்டுலயும் நீங்க அங்க போய்ச் சேரவே இல்லையே என்றாள். அப்போது வேலை பார்த்த பெரிய ஆஸ்பத்திரியை விட்டு முகாமுக்குக் கிளம்பினாள் என்று ஒரு வரி இருக்கிறது. மாதக்கணக்கில் கழித்துத் திரும்பி வந்தாள் என்று ஒரு வரி இருக்கிறது. நடுவில் அத்தனை மாதமும் உன் அம்மா பயணத்திலேயே இருந்திருக்கிறாள். அந்த முகாமில் தண்ணீர் சுமந்தவர் வரைக்கும் போர்ப்பணிப் பதக்கம் வாங்கியிருக்கிறார்கள், இவளுக்குக் கிடையாது. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவனுக்கு இது அன்றைக்குத்தான் தெரியும். ஏன் கேட்கவில்லை என்றேன். நெட்டைக்கு இல்லாதது எனக்கு எதுக்கு என்றாள்.

நடந்தது என்ன என்று வீடு திரும்பும்போது பஸ்ஸில்தான் சொன்னாள். இவர்கள் இரண்டு பேரும் முகாம் ஆஸ்பத்திரிக்கு இரவலாக அனுப்பப்பட்டவர்கள். ஆள் வந்து சேர்ந்ததும் முகாமின் தலைமை நர்ஸான மேட்ரன், வந்து சேர்ந்தார்கள் என்று பெரிய ஆஸ்பத்திரிக்குத் தகவல் அனுப்ப வேண்டும், தகவல் போன நாளிலிருந்து தவணை ஓடும், தவணை முடிந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். மேட்ரன் பலே ஆள். இரண்டு நாள் இவர்கள் வேலையைப் பார்த்திருக்கிறாள், இப்படிக் கை கிடைத்தால் யாராவது திருப்பிக் கொடுப்பார்களா, தகவலே அனுப்பவில்லை. சேர்ந்தால்தானே திருப்பிக் கேட்பார்கள். நாங்களும் சேந்துதான் சிரிச்சோம், எங்களுக்கும் அங்க இருக்கத்தான் ஆசை, அங்கதான் நாங்க தேவைப்பட்டோம் என்றாள் அம்மா. பிறகு ஒரு நாள் குண்டு விழுந்தது. நடக்க முடிந்தவர்களை இவர்கள் வெளியே கொண்டுவந்து சேர்த்த பிறகு, நடக்க முடியாதவர்களுக்காகத் திரும்பி உள்ளே போனது நெட்டையும் மேட்ரனும். உன் அம்மாவும்தான் போகப் பார்த்தாள், நெட்டை அவள் தோளைப் பிடித்து அழுத்தி, குட்டை, நீ இவங்களைப் பாத்துக்கோ என்று உட்கார வைத்துவிட்டுப் போனாளாம். உள்ளே போன இரண்டு பேரும் திரும்பி வரவில்லை. மேட்ரனின் பெயர் சுவரில் முதல் வரிசையில் இருக்கிறது. வந்து சேராத ஆள் செத்தால் வழியில் விபத்து என்றுதானே எழுதுவார்கள், நெட்டைதான் இன்னும் வழியிலேயே நிற்கிறாள். பஸ் நம் நிறுத்தத்தைத் தாண்டிப் போனது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்டை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கீழே இருக்கிறவர் மேலே போய்விட்டது என்பார், மேலே இருக்கிறவர் இன்னும் வரவில்லை என்பார், உள்ளே ஆள் இருப்பது மட்டும் யாருக்கும் தோன்றாது. அதனால் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பதிவு அலுவலகத்தில் கேட்டால், முதலில் அம்மாவின் பதிவைத் திருத்த வேண்டும், அவள் அங்கே இருந்தாள் என்று ஆனால்தான் நெட்டைக்காக அவள் சொல்லும் சாட்சி செல்லும், அம்மாவுக்கு அந்த முகாமின் பதிவில் உள்ள ஒருவர் நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்றார்கள். தனக்கென்று ஒரு டீகூடக் கேட்டு வாங்காதவள், எனக்கு மெடல் வேணும் என்று அந்த அலுவலகத்தில் ஒற்றைக்காலில் நின்றாள். நான் முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தில் விசாரித்து, செருப்புத் தேய அலைந்து, கடைசியில் அந்த முகாமில் ஆம்புலன்ஸ் ஓட்டியவரைக் கண்டுபிடித்தேன். மகனுடைய டயர் கடையில் உட்கார்ந்திருக்கிறார், காது கொஞ்சம் மந்தம். விஷயத்தைக் கத்திச் சொன்னேன், தெருவே கேட்டது. விசாரணைக்கு மடிப்புக் கலையாத சட்டையோடு வந்தார். இவ்வளவு வருஷம் கழித்து இவர்தான் என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று அதிகாரி கேட்டார். அவர், நான்தாங்க ரெண்டு பேரையும் வண்டியில கொண்டுபோய் எறக்கினேன், வழியில வண்டி சேத்துல மாட்டிக்கிச்சு, நெட்டை சிஸ்டர் எறங்கித் தள்ளினாங்க, இவங்க மருந்துப் பெட்டிமேல உக்காந்துக்கிட்டு, இடது பக்கம் தள்ளு, வலது பக்கம் தள்ளுன்னாங்க, தள்ளினவங்களை மறந்தாலும் மறப்பேன், உக்காந்து அதிகாரம் பண்ணினவங்களை மறக்க முடியுங்களா என்றார். அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. நானும் எறங்கித்தான் தள்ளினேன் என்று அம்மா எழுந்து நின்று சண்டைக்குப் போனாள். இல்லவே இல்ல சிஸ்டர் என்று அவரும் விடவில்லை. நெட்டை தள்ளியதைப் பார்த்தவர்கள் இப்போது உலகத்தில் அவர்கள் இரண்டு பேர்தான். அந்த மனுஷன் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, கொண்டுவந்து சேத்தது நான், திருப்பிக் கூட்டிட்டுப் போகத்தான் ஒருத்தர் இல்லாமப் போயிட்டாங்க என்று அழுதார்.

போன மாதம் திருத்திய பதிவு தபாலில் வந்தது, கூடவே சின்னப் பெட்டியில் பதக்கம். அம்மா பதக்கத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, அலமாரியில் பஞ்சு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். பதிவை மட்டும் என்னிடம் கொடுத்து, நடுவில புதுசா சேத்த வரியைப் படிங்க என்றாள். முகாம் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார் என்று படித்தேன். இன்னொரு தடவை என்றாள். படித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அன்றைக்கே போய் நெட்டைக்குச் சாட்சி எழுதிக் கையெழுத்துப் போட்டாள், அதை ஏற்றுக்கொண்டு விட்டார்கள், நெட்டையின் பதிவும் திருத்தியாகிவிட்டது. இன்றைக்குச் சுவரில் பெயர் செதுக்குகிறார்கள். அம்மா காலையிலேயே கிளம்பிப் போய் அங்கேதான் இருக்கிறாள். எழுத்து ஒவ்வொன்றும் ஆழமாக இருக்க வேண்டும், விரலுக்குத் தெரிய வேண்டும் என்று அந்தக் கல்வேலைக்காரர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவர் உயிரை வாங்கிக்கொண்டிருப்பாள். அந்த மருந்துப் பெட்டிக் கதையில் ஆம்புலன்ஸ்காரர் சொன்னதுதான் உண்மையாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பாப்பா, இதையெல்லாம் உனக்கு எதற்கு இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்றால், ஒன்று ஞாபகம் வந்தது. தெருக்கோடிக் கடைக்குப் போனாலும், பள்ளிக்கூடத்தில் வெளியூர் கூட்டிப்போனாலும், போய்ச் சேந்ததும் தகவல் சொல்லு என்று அம்மா உன்னைப் படுத்தி எடுப்பாள். கல்லூரி விடுதிக்குப் போன புதிதில் நீ மறந்துவிட்டாய், அவள் விடுதிக்கே ஆள் அனுப்பிவிட்டாள், உன் சிநேகிதிகள் கேலி செய்தார்கள் என்று நீ வீட்டுக்கு வந்து குதித்தாய். நான் தகவல் சொல்லலன்னா போய்ச் சேரலன்னு ஆயிடுமா என்று கேட்டாய். அம்மா எழுந்து சமையலறைக்குப் போனாள். ஆகிவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது, சொல்லத்தான் முடியவில்லை. நீ வேலைக்காக அங்கே போய் இறங்கியதும் சேர்ந்துட்டேன் என்று ஒற்றை வார்த்தையில் அனுப்பிய தகவல் அவள் போனில் இன்னும் இருக்கிறது. போன் மாற்றியபோதுகூட அது போய்விடக் கூடாது என்று கடைக்காரரைப் பாடாய்ப் படுத்தினாள். உன் அறைக் கட்டிலுக்கு வாரம் தவறாமல் விரிப்பு மாற்றுகிறாள். யாரும் படுக்காத கட்டிலுக்கு எதுக்குடி என்று கேட்டால், பேஷண்ட் எப்ப வேணா வரலாம் என்கிறாள். சிரித்துக்கொண்டுதான் சொல்கிறாள். எனக்குத்தான் சிரிக்க வரவில்லை. வா என்று உன்னிடம் அவள் கேட்க மாட்டாள், நீ அங்கே தேவைப்படுகிறாய், தேவைப்படுகிற இடத்தில்தான் இருக்க வேண்டும் என்பாள், அவளும் அப்படி இருந்தவள்தானே. ஆனால் வாசல் கேட் சத்தம் கேட்டால் கையில் என்ன இருந்தாலும் அப்படியே நின்று கேட்கிறாள், பக்கத்து வீட்டு கேட் என்று தெரிந்த பிறகுதான் கை அசைகிறது. எனக்கும் உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது கண்ணு. இதை எழுத எனக்கு என்ன வெட்கம்.

அடுத்த மாதம் பெரியம்மாவைச் சுவருக்குக் கூட்டிப்போகிறோம். அவர் இன்னும் அம்மா சொன்ன பொய்யை நம்பிக்கொண்டுதான் இருக்கிறார், கல்வேலை மெதுவாத்தான் நடக்கும்போல என்று போனில் சொல்கிறார், அந்தப் பொய் இன்றைக்கு உண்மையாகிறது. அன்றைக்கு அவர் ஒரு கையை அம்மா பிடித்துக்கொள்வாள், இன்னொரு கையைப் பிடித்துக்கொள்ள நீ இருந்தால் நன்றாக இருக்கும். லீவு கிடைக்கவில்லை என்றால் மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே, கோபம் எதுவும் இல்லை. கிடைத்தால் வந்துவிடு. நீ அங்கே போய்ச் சேர்ந்த தகவல் எங்களுக்கு வந்துவிட்டது, இங்கே வந்து சேர்ந்த தகவல்தான் இன்னும் வரவில்லை.

நோய் நொடி இல்லாமல், யார் முன்னாலும் தலை குனியாமல், நீண்ட நாள் நன்றாக இரு என்று நாங்கள் இரண்டு பேரும் மனதார வாழ்த்துகிறோம். குளிர் அதிகம் என்று கேள்விப்பட்டேன், காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஒன்றை மட்டும் மறக்காதே, வருவதாக இருந்தால் அம்மாவுக்கு முன்கூட்டிச் சொல்லாதே, வாசலில் வந்து நின்றுகொண்டு போனும் செய்யாதே. கேட்டைத் திற, சத்தம் கேட்கட்டும், எண்ணெய் போடாமல் வைத்திருக்கிறேன்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அப்பா