என் வாளியில் மீன் தலை

மார்ச் 3, திங்கள்

வெயில். பத்து மணிவரை குழாயில் தண்ணீர் இல்லை. வீட்டில் நான் நடத்தும் ஆங்கில வகுப்புக்கு இரண்டு பேர் வரவில்லை. பம்பலப்பிட்டியில் வீதி மறிப்பாம்.

லிப்ட் பக்கத்தில் புது அறிவித்தல். "உணவுக் கழிவு மீள்பயன்பாட்டுத் திட்டம்." கீழே எங்கள் மாடிவீட்டுக் கமிட்டிச் செயலாளர் செல்வரத்தினத்தின் கையெழுத்து. ஓய்வுபெற்ற நில அளவையாளர். அளக்கக் காணி இல்லாமல் எச்சில் சோற்றுக்கு வந்துவிட்டார். வீட்டுக்கொரு பச்சை வாளி, எண் எழுதி. புதன், சனி காலை ஏழுக்குக் கேற்றடி. மூடி திறந்து காவலாளிக்குக் காட்ட வேண்டும். பொலித்தீன் பை கூடாது.

மீள்பயன்பாடு என்றால் என்ன, ஹெந்தளையில் பன்றி வளர்க்கும் ஒருவன் வந்து பீப்பாவில் கொட்டிக்கொண்டு போவான். அவ்வளவுதான். அதற்கு ஒரு திட்டம், ஒரு சீல்.

வேறு வழியும் இல்லை. குண்டுப் பயத்தில் வீதித் தொட்டிகளை எடுத்துவிட்டார்கள். பையோடு நடந்தால் காலி வீதிச் சென்றியில் ஆமிக்காரன் பிரித்துக் காட்டச் சொல்வான்.

வாங்க: கற்பூரம், கடலைப்பருப்பு, சிவப்பு மைப் பேனை.

மார்ச் 5, புதன்

முதல் வாளி நாள். முழு பில்டிங்கும் கேற்றடியில், கலியாண வீட்டுக்கு வந்ததுபோல. ஒருவர் வாளியை ஒருவர் எட்டிப் பார்ப்பு. படித்த சனம்.

என் வாளி: வாழைக்காய்த் தோல், தேங்காய்ச் சக்கை, கறிவேப்பிலைக் காம்பு. சுவாமிப் பூவைப் போடவில்லை. பன்றிக்கா போடுவது.

பக்கத்து வீடு 3B, மேரி. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து ஒரு வருடம். புருஷன் யோசேப் துறைமுகத்தில் கிறேன் ஓட்டுகிறார். வாளி நிறைய மீன். தவக்காலமாம், இறைச்சி இல்லையாம். நல்ல தவம். நாற்றம் மூன்றாம் மாடியிலிருந்து கூடவே இறங்கி வந்தது. பொறுக்க முடியாமல் எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்: "ரெண்டு பேருக்கு நாலு தலையோ?"

சிரித்தார்கள். மேரி மட்டும் மூடியைப் போட்டுவிட்டு மேலே போய்விட்டாள். எனக்குப் பரம திருப்தி.

பிற்பகல் 3B பக்கம் பூனைக்குட்டி போல ஒரு சத்தம். மேரியிடம் கேட்டேன். டிவி என்றாள்.

மார்ச் 8, சனி

செல்வரத்தினம் தொங்கு தராசோடு நிற்கிறார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒவ்வொரு வாளியாகத் தூக்கி, நிறுத்து, கொப்பியில் எழுதி, பிறகு லிப்டடியில் பட்டியல். வீட்டு எண், தமிழர் என்பதால் பொலிஸில் பதிந்த ஆட்களின் தொகை, நிறை. 3A நான்: ஒரு ஆள், அரைக் கிலோ. 3B: இரண்டு ஆள், நாலு கிலோ.

"டீச்சர், நீங்கள் அண்டைக்குச் சொன்னது சரிதான். நானும் யோசிச்சனான். ரெண்டு பேர் இவ்வளவு சாப்பிடேலாது."

"நான் நாத்தத்தைச் சொன்னனான்."

"பதியாத ஆக்களை வைச்சிருந்தால் முழு பில்டிங்குக்கும் வில்லங்கம். வாற சனி சார்ஜன்ட் செக்கிங்குக்கு வரேக்க லிஸ்ட்டைக் குடுக்கப்போறன். அதுக்கிடையில சரியாப் போனால் சரி."

என் வாயால் வந்தது. அந்த மனுஷனுக்கு நானே அளவுகோல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

பூசை முடிந்து நேரே என் கதவடிக்கு வந்தாள் மேரி. தலையில் இன்னும் சரிகை முக்காடு. உள்ளே வரச் சொல்லவில்லை. தானாக வந்தாள்.

"டீச்சர், என்ர தங்கச்சியின்ர மகள் இருக்கிறாள். புருஷனும் கைக்குழந்தையும். வந்து மூண்டு கிழமை."

"பதியேல்லையோ?"

"புருஷன் பெடியன்ர அடையாள அட்டையில கிளிநொச்சி விலாசம். போன மாசம் என்ர இவரோட வேலை செய்யிறவரின்ர மருமகன் பதியப் போனவர். பிடிச்சு வைச்சிட்டினம், இன்னும் வரேல்ல. மாசம் முடிய இந்தியாவுக்குப் போயிருவினம், டீச்சர். அதுவரைக்கும்தான்."

"அப்ப மீனைக் குறைச்சுக்கொள்ளும். வாளி தானாக் குறையும்."

"பிள்ளை பெத்தவள். பால்சுறா குடுக்காமல் எப்பிடி? வந்த அண்டைக்கு அவளுக்குப் பால் ஒரு சொட்டு இல்ல."

பிறகு கேட்டாளே ஒரு கேள்வி. தன் வாளியில் பாதியை என் வாளியில் கொட்டலாமா என்று. என்னிடம். நாற்பது வருடம் மீன், இறைச்சி என்று ஒரு மச்சமும் தொடாத வீட்டில். கோயிலுக்குப் பூக்கட்டுகிற கையில்.

ஏலாது என்றேன். போய்விட்டாள். கெஞ்சவும் இல்லை. கெஞ்சியிருந்தால் கோபிக்க வசதியாக இருந்திருக்கும்.

மார்ச் 11, செவ்வாய்

மழைக்கு மூட்டம். பெய்யவில்லை. இரவில் நித்திரையும் இல்லை.

பகல் இரண்டு மணி, எல்லோரும் சாப்பிட்டுப் படுக்கும் நேரம், 3B கதவைத் தட்டினேன். "கொண்டு வாரும்" என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை, அவள் அழுதுவிடுவாள் என்ற எரிச்சலில்.

பேப்பரால் மூடிய சட்டி. குளியலறையில் வைத்து என் வாளியில் ஊற்றினாள். சுறாத் தோல், முள், ஒரு விளைமீன் தலை. தலை என்னையே பார்த்தது. சாம்பிராணி மூன்று தரம். பிரயோசனம் இல்லை.

மார்ச் 12, புதன்

மேலே வாழைக்காய்த் தோலைப் பரப்பித்தான் கொண்டுபோனேன். காவலாளி தடியால் கிளறினான். தலை மேலே வந்தது.

செல்வரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். எழுதினார்: 3A, இரண்டரைக் கிலோ. 3B, ஒன்றேமுக்கால்.

பன்றிக்காரனுக்கு மட்டும் சந்தோஷம். "போம ஹொந்தாய், நோனா" என்றான். என் வாளியை மிக நல்லது என்று புகழ்ந்தவன் அவன் ஒருவன்தான்.

மார்ச் 15, சனி

சார்ஜன்ட் எட்டரைக்கு வந்தார், இரண்டு பேரோடு. வாளிகள் அப்போதுதான் நிறுத்து முடிந்திருந்தன. இருபத்துநாலு வீடும் ஏறி இறங்க அவர்களுக்கும் சோம்பல். பட்டியலில் ஒத்துவராத வீடு எது என்று கேட்டார்கள். செயலாளரின் விரல் 3Bக்குப் போய், தயங்கி, 3Aக்கு வந்தது. ஒரு ஆள், மூன்று கிலோ.

என் வீட்டுக்கு வந்தார்கள். அலுமாரி, கட்டிலின் கீழ், குளியலறை. சுவாமி அறைக்குள் சப்பாத்தோடு. ஒரு ஆளும் இல்லை, நான்தான். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. குழந்தையின் வாயில் பால் இருந்திருக்க வேண்டும்.

சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்டதைச் செல்வரத்தினம் தமிழில் திருப்பிக் கேட்டார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"டீச்சர், உங்கட வாளியில மீன். நீங்கள் சைவம் எண்டுதானே எல்லாருக்கும் தெரியும். ஆருக்குச் சமைக்கிறீங்கள் எண்டு கேக்கிறார்."

"எனக்கு."

"நீங்கள் மச்சம் சாப்பிடுறனீங்களோ?"

"ஓம். ஒளிச்சுச் சாப்பிடுறனான். எழுதுங்கோ."

அவர் சிங்களத்தில் சொன்னார். சார்ஜன்ட் பெரிதாகச் சிரித்து, கீழே இறங்கிப் போய்விட்டார். செல்வரத்தினம் வாசலில் நின்றார். முகம் செத்துப்போயிருந்தது. பொலிஸ் என்னைப் பிடித்திருந்தால்கூட அப்படி அதிர்ந்திருக்க மாட்டார். பதியாத ஆளை மன்னிப்பார்கள் போலிருக்கிறது, மீன் தின்ற சைவத்தை மன்னிக்க மாட்டார்கள். என் சனத்தின் அளவு இவ்வளவுதான். பத்து நாள் முன்பு நானும் அதே அளவுதான்.

சுவாமி அறைத் தரையை இரண்டு தரம் கழுவினேன்.

மார்ச் 18, செவ்வாய்

புழுக்கம். வகுப்புக்கு நாலு பேர்தான். ஒரு தாய் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வந்தவள், தண்ணீர் நீட்டினேன், வேண்டாம் என்றாள்.

கோயிலிலிருந்து போன். பங்குனி உத்தரத்துக்கு மாலை கட்ட இந்த முறை ஆட்கள் போதுமாம், நான் கஷ்டப்பட்டு வரத் தேவையில்லையாம். பதினேழு வருடம் கட்டினேன். சரி என்று வைத்துவிட்டேன். பிறகு கொஞ்ச நேரம் அழுதேன்.

இரண்டு மணிக்கு மேரி சட்டியோடு வந்தாள். நாளைக்கு வாளி நாள். பாரைத் தலை, பெரிது.

"அடியில போடட்டோ, டீச்சர்?"

மேலேயே போடச் சொன்னேன்.