பாய் விரித்தால் ஒரு நாள் தூரம்

இஞ்சாருங்கோ,

நேற்றுப் பின்னேரம் சொல்லாமல் கொள்ளாமல் மழை வந்துவிட்டது. களத்தில் நெல் காயப் போட்டிருந்தேன். பக்கத்து வளவுப் பூரணமும் நானும் ஓடிப்போய் அள்ளிச் சாக்கில் கட்டி முடிப்பதற்குள், அடியில் விரித்திருந்த பழைய படகுப் பாய்த்துணி முழுவதும் நனைந்துபோயிற்று. அதைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்து குசினிக் கொடியில் விரித்தேன். உப்பு மணத்தது. பத்து வருடமாக வெயிலும் உமியும் தின்ற துணிக்குள் கடல் இன்னும் மிச்சமிருந்திருக்கிறது. அடுப்பு மூட்டவும் மறந்து அதன் அருகிலேயே நின்றேன். நீங்கள் போய் அடுத்த மாதம் ஒரு வருடம். இவ்வளவு நாளும் மனதுக்குள் கதைத்துக்கொண்டிருந்தவள், இன்று காலையில் கடதாசியும் பேனையுமாக உட்கார்ந்துவிட்டேன்.

பதினாறு வயதிலிருந்து பாய்க்கப்பலில் ஓடியவர் நீங்கள். நான் கடற்கரையைத் திருவிழாவுக்கு மட்டும் கண்ட தோட்டக்காரன் மகள். லொறிகள் வந்து கப்பல்களுக்குச் சுமை இல்லாமல் போனபோது, நீங்கள் ஓடிய கப்பலும் கரையேறிவிட்டது. அக்கராயன் குளத்தின் கீழ் காணி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் எழுதியது நான்தான். நீங்கள் ஒரு மறுப்பும் சொல்லாமல் கையெழுத்து வைத்தீர்கள். காட்டை வெட்டினீர்கள், வரம்பு கட்டினீர்கள், காய்ச்சலில் கிடந்து எழும்பினீர்கள். ஆனாலும் கதிர் வந்த வயலில் காற்று விழுந்து பச்சை அலை அலையாகப் புரளும்போது குளக்கட்டில் அசையாமல் நிற்பீர்கள்.

"இது வாடையில்லை, கொண்டல். இந்தக் காத்துக்குப் பாயைக் கொஞ்சம் இறக்க வேணும்" என்பீர்கள்.

வயலுக்கு ஏது பாய்? நான் சிரிப்பேன். உங்கள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிடும்.

நாலாம் வருடம் அரிவு வெட்டின்போதுதான் அந்தத் துரை வந்தார். மலைநாட்டில் தேயிலைத் தோட்டம் பார்த்து ஓய்ந்த வெள்ளைக்காரர். திருகோணமலையில் ஒரு சின்னப் பாய்ப்படகு கட்டி, அதை ஓட்டிப் பார்த்துக்கொண்டு முல்லைத்தீவுவரை வந்திருந்தார். பழைய கப்பல்காரர் ஒருவர் அக்கராயனில் வயல் செய்கிறார் என்று அங்கே யாரோ சொல்ல, ஜீப்பில் தேடி வந்துவிட்டார். கவிழ்த்து வைத்த உரலில் உட்கார்ந்து, தோட்டத்தில் பழகிய தமிழில் கதை சொன்னார்.

"கிரேக்க நாட்டில ஒரு ராசா. சண்டை முடிஞ்சி போச்சி. வீட்டுக்குப் போகணும். கடல் விடலை. பத்து வருசம் சுத்திக்கிட்டே இருந்தாரு. அவரு போன வழியில நான் போகப் போறேன். எனக்கு வயசாச்சி. பாய் தெரிஞ்ச ஆள் ஒண்ணு வேணும்."

நீங்கள் அரிவாளைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டீர்கள்.

"அந்த ராசாவின்ரை மனிசி?"

"காத்துக்கிட்டு இருந்திச்சி."

"பத்து வருசமும்?"

"அதுக்கு மேலயே."

நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. வெட்டிய தாளைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு வயல் கிடக்கு ஐயா" என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டீர்கள். இரண்டு நாள் நீங்கள் காற்றைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் சோறு போடும்போது நானே சொன்னேன்.

"போயிட்டு வாங்கோ."

"வயல்?"

"வயல் என்னோடை நிக்கட்டும்."

சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு நீங்கள் என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். அந்த விண்ணப்பத்தை எழுதிய கைக்கு நான் கொடுத்த பரிகாரம் அது என்று உங்களுக்குத் தெரிந்திருக்குமா?

அந்த மாசிக் கடைசியில் உங்களை வழியனுப்பப் பரந்தனில் பஸ் ஏறி, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று ஒவ்வொரு ஊராகக் கடந்து முல்லைத்தீவுக்கு வந்தேன். வெள்ளைப் படகு கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி நின்றது. நீங்கள் இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய்த் தொற்றி ஏறினீர்கள். ஏறிய அந்தக் கணத்தில் உங்கள் முதுகே வேறாகிவிட்டது. பாய் காற்றைப் பிடித்ததும் படகு வடக்கே சாய்ந்து போயிற்று. அது நகத்தளவாகும்வரை நின்றேன். அழுகை வரவில்லை. கனவில் ஒருவரைப் பார்த்துக்கொண்டு நிற்பதுபோல இருந்தது.

உங்கள் கடிதங்கள் கிளிநொச்சித் தபால் கந்தோருக்கு வரும். வாங்கி வந்து குளக்கட்டில் இருந்து வாசிப்பேன். "அந்த ராசாவுக்குக் காத்தை மூட்டை கட்டிக் குடுத்த தீவு எண்டு துரை ஒண்டைக் காட்டினார். அங்கை காத்தே இல்லை. பாய் செத்தவன் மாதிரித் தொங்குது." இன்னொன்றில், "பாட்டுப் பாடி ஆக்களை இழுக்கிற பாறையைக் கடந்தம். நான் காது பொத்தேல்லை. பறவையள் மட்டும்தான் கத்திச்சுது. எனக்கு எங்கடை குளத்து நாரையள் ஞாபகம் வந்திட்டுது." தின்றவர்கள் வீட்டையே மறந்துபோகும் பழம் விளைந்த கரையில் நீங்கள் பேரீச்சம்பழம்தான் தின்றீர்களாம், ஒன்றும் மறக்கவில்லையாம். வாசித்து நிமிர்ந்தால் குளத்து நீர் பின்னேர வெயிலில் பொன்னாகக் கிடக்கும். அதன் நடுவில் ஒரு வெள்ளைப் பாய் மெல்லப் போவதைப் பல நாள் கண்டிருக்கிறேன். கண்ணைக் கசக்கினால் கொக்கு.

நான் எழுதிய கடிதங்களில் எல்லாவற்றையும் எழுதவில்லை. புரட்டாதியில் எருது ஒன்று செத்துப்போனது. அடுத்த கிழமையே எனக்குக் காய்ச்சல். பூரணம் கஞ்சி காய்ச்சி ஊற்றாவிட்டால் நான் இல்லை. வயல் விதைக்காமல் கிடந்தால் காணி கைவிட்டுப் போகும் என்று காணிக் கந்தோரிலிருந்து வந்தவர் சொல்லிவிட்டுப் போனார். அண்ணா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தலைமாட்டில் நின்றார்.

"தங்கச்சி, அவன் இனி வரான். கடலிலை போனவன் கடலோடைதான். வெளிக்கிடு, வீட்டை போவம்."

"இதுதான் என்ரை வீடு அண்ணா."

"தனிய என்ன செய்யப் போறாய்?"

"விதைக்கப் போறன்."

பூரணத்தின் ஓர் எருதையும் எங்கள் எருதையும் பிணைத்து உழுதேன். காய்ச்சல் விட்டும் விடாத உடம்பு. வரம்பில் உட்கார்ந்து உட்கார்ந்து விதைத்தேன். விதைத்து முடிந்த நாலாம் நாள் மழை பிடித்தது. அன்று உங்களுக்கு எழுதினேன்: "விதைப்பு முடிஞ்சுது. மழையும் வந்திட்டுது. நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்க வேண்டாம்."

அந்தக் கடிதம் உங்களை எட்டியபோது, நீங்கள் இத்தாலிக் கரையைத் தாண்டிக் கிரேக்கக் கரைக்கே வந்துவிட்டிருந்தீர்கள். ராசாவின் சொந்தத் தீவுக்கு இன்னும் ஒரே ஒரு நாள் ஓட்டம். துறைமுகத்துக் கல்லில் உட்கார்ந்து அதை இரண்டு தரம் வாசித்தீர்களாம். பிறகு துரையிடம் போய், நான் வீட்டுக்குப் போகிறேன் என்றீர்களாம். துரை கோபிக்கவில்லை. "அந்த ராசா கூட இப்படி அவசரப்படலையே" என்று சிரித்து, கிழிந்த பாய் ஒன்றையும் ஒரு துடுப்பையும் நினைவுக்குத் தந்து அனுப்பினார். அந்தத் துறையிலேயே வேறொருவரைக் கூட்டிக்கொண்டு அவர் தீவுக்குப் போனார். நீங்கள் சரக்குக் கப்பல்களில் வேலை செய்து செய்து, துறைமுகம் துறைமுகமாகக் காத்திருந்து, அடுத்த மாசியில் ஊர் வந்து சேர்ந்தீர்கள்.

நாங்கள் களத்தில் கதிரைப் பரப்பி மாடு விட்டுச் சூடு மிதித்துக்கொண்டிருந்தோம். களத்து ஓரமாகப் பாய்ச்சுருளும் துடுப்புமாக ஓர் ஒடிசலான ஆள் வந்து நின்றார். நான் மாடுகளை நிறுத்தினேன். பூரணம்தான் முதலில் வாய் திறந்தாள். காட்டோரக் குளத்து ஊரில் பிறந்தவள், கடலைக் கண்ணால் கண்டவளில்லை.

"என்ன அண்ணை, தோளிலை நெல்லுக் கூட்டிற பலகையோ?"

நீங்கள் துடுப்பைக் கீழே போட்டுவிட்டுக் களத்திலேயே குந்திவிட்டீர்கள். முதலில் சிரித்தீர்கள். பிறகு தோள் குலுங்கியது. பூரணம் பயந்துபோனாள். தண்ணீர் குடித்து ஆறிய பிறகு சொன்னீர்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த ராசாவின் பயணம் முடியவில்லையாம். ஒரு துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு நாட்டுக்குள்ளே நடக்க வேண்டுமாம். எந்த ஊரில் அதைப் பார்த்து, இது நெல் தூற்றுகிற பலகையா என்று ஒருவர் கேட்கிறாரோ, அங்கே அதை நிலத்தில் ஊன்ற வேண்டும். அதோடுதான் கடல் அவனை விடும்.

"அந்த ஆள் எவ்வளவு தூரம் நடந்தானோ தெரியாது. எனக்கு வீட்டு வாசலிலேயே கேட்டாச்சு" என்றீர்கள். அன்று பின்னேரமே வாய்க்கால் தலைப்பில் குழி வெட்டித் துடுப்பை நட்டீர்கள்.

ஆனால் எனக்குள் ஒரு முள் நின்றுவிட்டது. "ஒரு நாள் பொறுத்திருக்கலாமே" என்று கேட்டேன்.

"ஒரு நாள், ஒரு நாள் எண்டுதான் அவனுக்கும் பத்து வருசம் போயிருக்கும்."

"நான்தான் யோசிக்க வேண்டாம் எண்டு எழுதினனே."

"அதாலைதான் வந்தனான். அரிசி முடிஞ்சாலும் எழுதிற மனிசி, ஒண்டுக்கும் யோசிக்க வேண்டாம் எண்டு எழுதினால் என்னவோ நடந்திருக்கு."

நீங்கள் அப்படிச் சொன்ன பிறகும் முள் போகவில்லை. ஒரு முறை காணி எழுதி உங்களைக் கரையில் கட்டினேன்; மறுமுறை கடிதம் எழுதி உங்கள் தீவைப் பறித்தேன். அப்படித்தான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

போன வருடத்துக்கு முந்தின சித்திரையில் திடீரென்று, "வெளிக்கிடும், முல்லைத்தீவுக்குப் போவம்" என்றீர்கள். உங்களுக்குத் தெரிந்த ஒருவரின் வள்ளத்தை இரவல் கேட்டு வாங்கினீர்கள். நாற்பது வயதில் முதல் முறையாக நான் கடலில் மிதந்தேன். காலைக் கடல் பால்போல் அசைந்தது. கரை மெலிந்து, தென்னைகள் கோடாகி, பிறகு அந்தக் கோடும் கரைந்தது. பாய் மெல்ல மூச்சு வாங்கியது. நீங்கள் எழும்பி, சுக்கான் பிடியை என் கையில் வைத்தீர்கள்.

"எனக்குத் தெரியாதப்பா!"

"ஆருக்குத் தெரியும்? பிடியும்."

கையை யாரோ உயிருள்ளவர் பிடித்து இழுப்பதுபோல இருந்தது. வள்ளம் சாய்ந்தது. நான் கத்தினேன். நீங்கள் கிட்ட வரவில்லை.

"பயந்தால் கையை விடும். அது தானாக் காத்தைப் பாத்துத் திரும்பி நிண்டிடும். ஒண்டும் செய்யாது. மூச்சு வந்தாப் பிறகு ஆறுதலாப் பிடியும்."

விட்டேன். நீங்கள் சொன்னபடி வள்ளம் திரும்பி, பாய் படபடத்து, அப்படியே நின்றது. சுற்றிலும் நீலம். அந்த அமைதியில்தான் கேட்க வாய் வந்தது.

"அந்தத் தீவைக் காணேல்லை எண்டு மனவருத்தம் இல்லையோ?"

"இருந்தது" என்றீர்கள். பொய் சொல்லவில்லை. "ஆனால் அது அவன்ரை வீடு. எனக்கென்ன, பாத்திட்டு வந்திருப்பன்" என்றீர்கள். பிறகு கண்ணால் சுக்கானைக் காட்டினீர்கள். நான் பிடித்தேன். மத்தியானம்வரை நான்தான் பிடித்தேன்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு பல மாதம் நான் கையை விட்டுவிட்டேன். வயலுக்குப் போகவில்லை. தலை வாரி இழுக்கவில்லை. பூரணம் திட்டினாள், அண்ணா வந்து கூப்பிட்டார். எல்லாம் எங்கோ படபடத்தது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். ஒன்றும் கவிழவில்லை. ஐப்பசியில் ஒரு காலை எழும்பி, விதைநெல்லை ஊறப் போட்டேன்.

நேற்று நனைந்தது அந்தப் போகத்து நெல்தான். இன்று நல்ல வெயில். காய்ந்துவிடும்.