நல்ல தண்ணீர் வீடு

அன்புள்ள ஷர்மிளா,

கர்த்தர் கிருபையால் சுகமாயிருக்கிறேன். நீயும் அத்தையும் எப்படி இருக்கிறீர்கள்? பாப்பாவுக்கு இருமல் நின்றதா? போனில் பேசினால் அத்தை காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன்.

வீடு கிடைத்துவிட்டது. எங்கள் தோல் ஆலையைச் சுற்றி எந்தத் தெருவில் போர் போட்டாலும் தண்ணீர் மஞ்சளாகத்தான் வருகிறது. தினமும் லேபில் அதைச் சோதிப்பவனே நான்தானே. வீடு தேடி வாலாஜாபேட்டைப் பக்கம் அலைந்தபோது ஒரு வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் மட்டும் இளநீர் மாதிரி இருந்தது.

அங்கே பூங்கொடி என்ற பெண் புருஷனோடும் கைக்குழந்தையோடும் குடியிருந்தாள். நான் லேபில் இருப்பது தெரிந்ததும், குழந்தைக்குக் கொடுக்கலாமா என்று பார்க்கச் சொல்லி ஒரு பாட்டில் தண்ணீர் தந்தாள். மறுநாள், "கொழந்தைக்கு ஆகாதும்மா, சீக்கிரம் காலி பண்ணிடுங்க" என்றேன்.

ஒரே வாரத்தில் எங்கள் ஆலைக்குப் பின்தெருவில் வீடு பார்த்துப் போய்விட்டார்கள். போகும்போது, "நீங்க சொல்லலன்னா இன்னா ஆயிருக்கும் சார்" என்று கண் கலங்கினாள். எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்தது. ஆனால் நம் பாப்பாவுக்கு நல்ல தண்ணீர் வேண்டாமா?

இங்கே தனியாக உட்கார்ந்து சாப்பிடவே பிடிக்கவில்லை. வரும்போது எலுமிச்சை ஊறுகாயும் என் பழைய போர்வையும் எடுத்து வா. பெரிய எவர்சில்வர் குடத்தை மறந்துவிடாதே.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. நேற்று பூங்கொடி புது வீட்டுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு லேபுக்கே வந்துவிட்டாள். தாராளமாகக் குழந்தைக்குக் கொடுக்கலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

உன்
இன்பராஜ்