செல்வி உங்களைக் கேட்டாள், ஸ்டெல்லாக்கா

என் பிரியமான ஸ்டெல்லாக்கா,

இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? அண்ணனுக்கு நீங்கள், தம்பிக்கு நான் என்று ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்ததிலிருந்து, நல்லதோ கெட்டதோ முதலில் உங்கள் காதில் போட்டுத்தானே எனக்குப் பழக்கம்.

இன்னும் நம்ப முடியவில்லை அக்கா. அன்றைக்கு வெள்ளனே எழுந்து, "ரூபி, நீ கஞ்சிய எறக்கிட்டு வா, நான் முன்னால போறேன்" என்று சொல்லிவிட்டு, ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு அட்டுவம்பட்டி ரோட்டில் இறங்கிப் போனீர்கள். ஏழு ரோடு சந்திப்பில் நம் ஜெபக்குழுப் பெண்கள் உங்களுக்காகக் காத்திருந்தார்கள். நான் பக்கத்து வீட்டு ஜீப்பில் ஆஸ்பத்திரிக்கான கஞ்சிப் போணியை ஏற்றிக்கொண்டு வந்தபோது மூடுபனிக்குள் கூட்டம் நின்றது. ரோடு முழுக்கக் காரட் சிதறிக் கிடந்தது. யாருடைய வண்டியோ கவிழ்ந்துவிட்டது, பாவம் என்றுதான் நினைத்தேன். உங்கள் செருப்பைப் பார்க்கும்வரை அப்படித்தான் நினைத்தேன்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போன வேன், வளைவில் பிரேக் பிடிக்காமல் ஓரத்தில் நடந்த உங்கள்மேல் ஏறிவிட்டதாம். உங்கள் வீட்டுக்காரர், நம் பெரியத்தான்தான் போலீஸ் ஸ்டேஷனுக்கு அலைந்தார். டிரைவருக்கும் பலத்த அடி என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. அவன் யார், எங்கே கிடக்கிறான் என்று நான் கேட்கவே இல்லை.

நாம் என்னவெல்லாம் ஜெபித்தோம் அக்கா! சபை வேறு வேறாக இருந்தாலும் கைகோத்து நின்று, லாட்ஜில் படுக்கை விரிக்கிற பிள்ளைகளுக்காக, குதிரைக்காரர்களுக்காக, சீசன் இல்லாத மாதத்தில் சோலி இல்லாமல் நிற்கிறவர்களுக்காக. இந்த ரோட்டில் ஓடுகிற வண்டிகளுக்காகவும் தினமும் ஜெபித்தோமே. அந்த ஜெபம் எங்கே போனது?

அடக்கத்துக்குப் பிறகு நான் ஏழு ரோட்டுக்குப் போகவில்லை. வாயைத் திறந்தால் வார்த்தை வரவில்லை. ஆஸ்பத்திரிக் கஞ்சியை மட்டும் விடவில்லை. நோயாளிக்குத் துணையாகக் கிடக்கிறவர்கள் காலையில் போணியைத்தான் எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியுமே.

அங்கேதான் அவள் தூக்குவாளியை நீட்டினாள். பழகின முகம். போன மழைக்காலத்தில் மாமியாரைச் சேர்த்திருந்தாளே, பூண்டிக்காரப் பெண் செல்வி. நீங்கள்கூட அந்தக் கிழவிக்குத் தினமும் தலை வாரிவிட்டீர்கள்.

"கண்ணாடி போட்ட அக்கா வரலீங்களா?" என்று என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "அவங்க ஜெபம் பண்ணித்தான் எங்க மாமியா எந்திரிச்சு நடந்துச்சு. இப்ப எங்க வீட்டுக்காரரு கெடக்காரு. ஒரு தடவ அவங்கள வரச் சொல்லுங்களேன்."

அவருக்கு என்ன என்று கேட்டேன். சும்மாதான் கேட்டேன்.

"காரட் ஏத்திட்டுப் போன வண்டி வளைவுல கவுந்துருச்சுங்க. ஒரு பொம்பள மேல ஏறி, அந்தம்மா எறந்துபோச்சாம். யாரு பெத்த மகளோ. அன்னையிலிருந்து நான் இவரு பக்கத்துலயே கெடக்கேன், யாருன்னு போய் விசாரிக்கக்கூட முடியல."

கரண்டி போணிக்குள்ளேயே நின்றுவிட்டது. வார்டு வாசலில் போலீஸ்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்ததற்கு அப்போதுதான் அர்த்தம் தெரிந்தது. அவள் வாளியில் கஞ்சியை ஊற்றி, சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். போணி உள்ளேயே கிடந்தது.

வீட்டில் சொன்னபோது பெரியத்தான், அந்தப் பெண்ணுக்குத் தெரியாதா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு, "யாரு வாயிலயோ வந்து அது கேக்க வேண்டாம். நீயே சொல்லிரும்மா. எனக்கு அந்தப் படி ஏறத் தெம்பு இல்ல" என்றார். குழுவில் ஒருத்தி, கொன்றவன் வீட்டுக்குக் கஞ்சி ஊற்றினாயா என்று முகத்துக்கு நேரே கேட்டாள். அவள் உங்கள்மேல் உயிரையே வைத்திருந்தவள்.

மறுநாள் செல்வியை வராந்தா ஓரத்துக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன். அவள் அழவில்லை. வாளியைத் தரையில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளிப் போனாள்.

"இனி இந்தக் கஞ்சிய நான் எப்படிங்க குடிப்பேன்?"

வாளியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன், அவ்வளவுதான். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. எனக்கும் வந்தது அக்கா, அடக்கத்தன்றுகூட வராத அழுகை.

உள்ளே முருகேசன், அவள் புருஷன், விழித்துத்தான் கிடந்தான். தலையில் கட்டு, ஒரு கால் அசைக்க முடியாமல். செல்வி அவன் காதருகே குனிந்து சொன்னாள். அவன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு, "அவங்க பேரு என்னங்க?" என்றான். ஸ்டெல்லா என்றேன். ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

உங்கள் இடத்தில் நின்று ஜெபம் பண்ணப் பார்த்தேன். "ஆண்டவரே" என்பதோடு நின்றுபோனது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். செல்வி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

இப்போது அவனை ஆபரேஷனுக்கு மதுரைக்கு அனுப்பியிருக்கிறார்கள். இனி வண்டி ஓட்டுவானா என்று டாக்டர்கள் சொல்லவில்லை. கேஸ் நடக்கிறது, பெரியத்தான் நடந்ததை நடந்தபடி சொல்லப்போவதாகச் சொல்கிறார். நான் மறுபடியும் ஏழு ரோட்டுக்குப் போகிறேன். எல்லாரும் ஜெபிக்கும்போது வாய் திறக்காமல் நிற்கிறேன். வண்டிகளுக்காக ஜெபிக்கிற இடம் வந்ததும் பக்கத்தில் நிற்கிறவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள். கொன்றவன் வீட்டுக்கா என்று கேட்டாளே, அவள்தான்.

மன்னித்துவிட்டாயா ரூபி என்று கேட்டுவிடாதீர்கள் அக்கா. தெரியவில்லை. ஆனால் செல்வி அந்தப் பெரிய ஊரில் ஒற்றையாகக் கிடக்கிறாள். வருகிற சனிக்கிழமை முதல் பஸ்ஸில் போய் அவளைப் பார்ப்பேன். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் இருப்பேன். அவன் கட்டிலருகே ஒரு முழு ஜெபம் என் வாயில் வருகிறவரை போய்க்கொண்டே இருப்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உங்கள் கொழுந்தன் மனைவியாக வந்து உங்களுக்குத் தங்கச்சியான,
ரூபி